வோக்கல் பிராசஸர் வாங்கியாச்சா? மேடை ஏறும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைப் பக்கம் ஒரு கோயில் கொடைக் கச்சேரி. பாடுகிற குரலுக்கு எக்கோ, துணைக் குரல் எல்லாம் சேர்க்கும் வோக்கல் பிராசஸர் பெட்டியைப் புதிதாக வாங்கியிருந்த தம்பி ஒருவர் பாட வந்திருந்தார். ஒரு வாரம் வீட்டில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்து செட்டிங் எல்லாம் போட்டு வைத்திருந்தார். அந்த ஹெட்போனில் நானும் கேட்டேன், அருமையாகத்தான் இருந்தது. மேடையில் பல்லவி நன்றாகப் போனது. சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போனதும் குரல் கரகரவென்று கிழிந்தது. மிக்ஸரைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அவருடைய ஃபேடரைப் பாதிக்கு இறக்கினேன். கரகரப்பு போகவில்லை, சத்தம் மட்டும் குறைந்தது. பாட்டு முடிந்ததும் மேடைக்கு ஓடி, அதே வரியைப் பாடச் சொல்லிவிட்டு அவர் காலடியில் இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தேன். இன்புட் விளக்கு சிவப்பில் நின்று எரிந்தது.

மைக்கிலிருந்து வரும் சிக்னலைப் பெட்டி எண்களாக மாற்றுகிறது. அந்த எண்ணுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. டிஜிட்டலில் அதை 0 டெசிபெல் என்பார்கள். அதைத் தாண்டும் அலையின் தலை அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். பிறகு மிக்ஸரில் ஃபேடரை இறக்கினாலும், ஈக்யூவைத் திருகினாலும் வெட்டுப்பட்டது திரும்பி வராது. ரிவெர்ப் (குரலின் பின்னால் நீளும் எதிரொலி), ஹார்மனி (பெட்டியே சேர்த்துப் பாடும் துணைக் குரல்), டிலே (சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் குரல்) என்ற எஃபெக்ட் எல்லாம் அந்தக் கிழிந்த குரலை வைத்துத்தான் வேலை செய்யும். மேடையில் நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை எஃபெக்டால் வருபவை அல்ல. எஃபெக்டுக்குள் போகிற குரல் சரியாகப் போகாததால் வருபவை.

வீட்டில் சரியாக இருந்தது மேடையில் ஏன் கெட்டது? பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார், குழந்தை தூங்குகிறது என்று வீட்டில் முக்கால் குரலில்தான் பாடுவோம். மேடையில் டிரம்ஸும் தபேலாவும் முழங்கும்போது அதே ஆள் இரண்டு மடங்கு குரல் எடுப்பார். அதனால் கெயின் (பெட்டிக்குள் வரும் சிக்னலின் அளவு) வைக்கும்போது எழுந்து நில்லுங்கள். எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மைக்கை உதட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, உங்கள் பட்டியலிலேயே உச்சமான வரியை முழுக் குரலில் பாடுங்கள். மீட்டர் உள்ள பெட்டி என்றால் அந்த உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவே நிற்கட்டும். விளக்கு மட்டும் உள்ள பெட்டி என்றால் பச்சை நிலையாக எரியலாம், சிவப்பு ஒரு முறைகூட எட்டிப் பார்க்கக் கூடாது. பயந்துகொண்டு கெயினை ஒரேயடியாகக் குறைப்பதும் தப்புதான். பிறகு சத்தம் போதாமல் அவுட்புட்டை ஏற்றுவீர்கள், கூடவே இரைச்சலும் ஏறும்.

அடுத்தது வயர். நம் ஊரில் பல மைக்குகளோடு ஒரு பக்கம் மூன்று முனை எக்ஸ்எல்ஆரும் மறுபக்கம் ஒற்றைக் குச்சி போன்ற பி-38 பின்னும் உள்ள வயர்தான் வருகிறது. அதைப் பெட்டியில் செருகினால் சத்தம் வரும், ஆனால் இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு இணைப்பின் பலன் போய்விடும். சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் உள்ள இடத்தில் ‘ம்ம்ம்’ என்ற ஹம் ஏறிக்கொள்ளும். இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் உள்ள வயர் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் ஹம் வந்தால் பெட்டியில் ஆடியோ வயரின் எர்த்தைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியையும் மிக்ஸரையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து ஓட்டிப் பாருங்கள். கரண்டின் எர்த் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிடுங்காதீர்கள். மைக்கைப் பிடித்துப் பாடுகிற உயிர் உங்களுடையது.

மைக் வயர் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரமான ஃபேண்டம் பவரிலும் குழப்பம் உண்டு. ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குக்கு அந்த 48 வோல்ட் தேவையே இல்லை. கண்டென்சர் மைக்குக்குத்தான் வேண்டும், அதையும் பெட்டிதான் கொடுக்க வேண்டும். மிக்ஸரிலிருந்து வரும் ஃபேண்டம் பெட்டியின் அவுட்புட்டுக்குள் ஏறுவது எல்லாப் பெட்டிக்கும் ஒத்துக்கொள்ளாது. சின்ன மிக்ஸர்களில் எல்லாச் சேனலுக்கும் சேர்த்து ஒரே ஃபேண்டம் பொத்தான் இருக்கும். வேறு யாருக்காவது அது தேவைப்பட்டால், உங்கள் பெட்டியை மிக்ஸரின் லைன் இன்புட்டில் கொடுங்கள், அங்கே ஃபேண்டம் வராது. அப்புறம் அடாப்டர். எஃபெக்ட் பெடல்களில் 9 வோல்ட், நடுமுனை மைனஸ் என்பது பரவலான வழக்கம். கீபோர்டு அடாப்டர்களில் பலவும் 12 வோல்ட், நடுமுனை பிளஸ். பின் பொருந்துகிறதே என்று கீபோர்டுக்காரரிடம் கடன் வாங்கிச் செருகினால் பெட்டி போய்விடலாம். அடாப்டரிலும் பெட்டியிலும் போட்டிருக்கும் வட்டக் குறியை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஸ்டீரியோ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊர் மைக்செட்டில் பெரும்பாலும் பாக்ஸ் எல்லாம் மோனோவாகத்தான், அதாவது எல்லாவற்றிலும் ஒரே சத்தமாகத்தான் ஓடும். பெட்டியின் இடது அவுட்புட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே ஸ்டீரியோ செட்டிங்கை அப்படியே விட்டால், வலப்பக்கம் தள்ளி வைத்த ஹார்மனி யார் காதுக்கும் போய்ச் சேராது. மெனுவில் மோனோ என்று மாற்றிவிட்டு வயரை எடுங்கள்.

சுருதியும் ஹார்மனியும்

நம் பாட்டுக்காரர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். முதலில், சுருதி விலகினால் சரிசெய்யும் பிட்ச் கரெக்‌ஷன். 1997-ல் ஆன்டாரெஸ் நிறுவனம் வெளியிட்ட ஆட்டோ-டியூன் மென்பொருளிலிருந்துதான் இது உலகமெங்கும் பரவியது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் தேடும் துறையில் நிலத்தடி அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். வேலை செய்யும் விதம் எளிது: நீங்கள் பாடும் சுருதியை அளக்கும், பன்னிரண்டு ஸ்வரத்தானங்களில் எது பக்கமோ அங்கே இழுத்து உட்கார வைக்கும். மேற்கத்திய பாணியில் நேராக நிற்கும் ஸ்வரத்துக்கு இது பொருந்தும். நம் பாட்டிலோ ஸ்வரம் நிற்பதே இல்லை. தோடியின் காந்தாரத்தை நினைத்துப் பாருங்கள். அசைவில்தான் அதன் உயிர் இருக்கிறது. கரெக்‌ஷனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு அதைப் பாடினால், வழுக்கிக்கொண்டு வர வேண்டிய கமகம் படிக்கட்டில் தடதடவென்று இறங்குவது போலக் கேட்கும். பல வருடம் சாதகம் செய்து கிடைத்த அசைவைப் பெட்டி ஒரே நொடியில் அழித்துவிடும். எனக்கு இதைக் கேட்கவே மனசு வலிக்கும். பக்திப் பாட்டு, ராகம் சார்ந்த பழைய பாட்டு என்றால் கரெக்‌ஷனை அணைத்துவிடுங்கள். புதிய சினிமாப் பாட்டுக்கு வேண்டுமானால் அளவைக் கால் பங்குக்கு மேல் ஏற்றாமல், வேகத்தையும் குறைத்து வையுங்கள்.

ஹார்மனிக்குப் பெட்டியிடம் கீ (பாட்டின் ஆதார சுருதியும் மேஜரா, மைனரா என்ற வகையும்) சொல்ல வேண்டும். பாஸ் நிறுவனத்தின் விஈ-20 போன்ற பெட்டிகளில் நாமே கொடுக்க வேண்டும். டிசி-ஹெலிகான் வாய்ஸ்லைவ் வகைப் பெட்டிகள் கிட்டாரில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களான கார்டைக் கேட்டுத் தாமே புரிந்துகொள்ளும். நமக்கு வாயில் வருவது கட்டைக் கணக்கு: 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. ஒன்றரை என்றால் சி ஷார்ப், ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். இந்த இடத்தில் கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் போட்டிருப்பார் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் கை சி-யில் இருக்கும், காதில் விழுவது டி ஷார்ப்பாக இருக்கும். காதில் விழுவதைத்தான் பெட்டியில் போட வேண்டும். பாட்டு தொடங்கும் முன், “அண்ணே, டிரான்ஸ்போஸ் எவ்வளவு போட்டிருக்கீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கீ சரியாக இருந்தாலும் ராகம் உதைக்கலாம். மோகனத்தில் ஒரு பாட்டு, 1 கட்டை என்று வைத்துக்கொள்வோம். சி மேஜர் போட்டு மேல் மூன்றாம் ஸ்வர ஹார்மனி கேட்கிறீர்கள். நீங்கள் ஸ பாடினால் பெட்டி க பாடும், க பாடினால் ப பாடும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் ரி பாடினால் அது ம பாடும், ப பாடினால் நி பாடும். மோகனத்தில் மத்யமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. கார்டு நிறைந்த சினிமாப் பாட்டில் இது கரைந்துபோகலாம். தம்புராவும் தபேலாவும் மட்டும் ஓடும் பாட்டில் வேறு யாரோ நுழைந்துவிட்டது போல இருக்கும். அந்த மாதிரிப் பாட்டுக்கு ஒரு ஸ்தாயி கீழேயோ, அதே ஸ்வரத்தில் இரட்டிப்பாகவோ வைத்தால் போதும்.

கல்யாணிக்கு வேறு வழி உண்டு. பெட்டியில் மேஜர், மைனர் என்ற இரண்டே வகைதான் இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். 1 கட்டைக் கல்யாணியின் ஏழு ஸ்வரங்களும் 5 கட்டை மேஜரின் ஏழு ஸ்வரங்களும் ஒன்றேதான், அதனால் ஜி மேஜர் போடுங்கள். அதே கணக்கில் 1 கட்டை ஹரிகாம்போதிக்கு எஃப் மேஜர், கரகரப்ரியாவுக்கு ஆறரைக் கட்டை மேஜர், நடபைரவிக்கு சி மைனரே போதும். ஆதார ஸ்வரத்தை மாற்றி அதே ஸ்வரங்களிலிருந்து வேறு ராகம் பெறும் கிரக பேதம் படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். மாயாமாளவகௌளைக்கு மட்டும் எந்த மேஜரும் ஒத்து வராது.

ஹார்மனி திடீர் திடீரென்று உளறினால் பெட்டியைத் திட்டும் முன் மைக்கைப் பாருங்கள். பெட்டிக்கு ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் புரியும். மைக்கைத் தள்ளிப் பிடித்தால் பின்னால் இருக்கும் டிரம்ஸும் கீபோர்டும் அதற்குள் நுழைந்து சுருதியைக் குழப்பும். நெருங்கிப் பாடுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள், ஊளையும் சேர்ந்து வரும்.

எக்கோ எவ்வளவு?

“எக்கோ கொஞ்சம் போடுங்க” என்று சொல்லாத பாடகரை நான் பார்த்ததில்லை. ரிவெர்ப், டிலே இரண்டையும் சேர்த்துத்தான் எக்கோ என்கிறோம். பாடும் இடத்துக்கே சொந்தமாக ஒரு எக்கோ உண்டு என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 30 மீட்டர் நீளமுள்ள கல்யாண மண்டபத்தில் உங்கள் குரல் பின்சுவரில் பட்டுத் திரும்ப 175 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அதுவே ஒரு டிலே. அதன் மேல் பெட்டியின் டிலே, அதற்கும் மேல் மிக்ஸரில் ஆபரேட்டர் போடும் ரிவெர்ப் என்று மூன்று அடுக்கு சேர்ந்தால் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும், பாட்டில் வரி கேட்காது. மண்டபத்துக்குள் போனதும் ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி நீண்டு ஓய்ந்தால் ரிவெர்ப்பை ஒரு நொடிக்குள் சுருக்குங்கள். திறந்த வெளி என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். ப்ரீ-டிலே என்ற குமிழ் இருந்தால் 40 மில்லி செகண்ட் அளவில் வையுங்கள், சொல் முன்னால் நிற்கும், எக்கோ அதன் பின்னால் வரும்.

டிலேயைத் தாளத்தோடு சேர்க்க வழி எளிது. 60,000-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்) வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லி செகண்ட் கிடைக்கும். 120 டெம்போ என்றால் 500, பாதித் தட்டு 250.

ஆபரேட்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்: “அண்ணே, என் சேனல்ல எக்கோ, கம்ப்ரெஸர் ரெண்டும் வேண்டாம், பெட்டியிலேயே இருக்கு.” சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெஸர் இரண்டு இடத்தில் ஓடினால் மெல்லிய சத்தம் எல்லாம் மேலே ஏறி, நீங்கள் வாயை மூடிய மறு விநாடி பாக்ஸ் ஊளையிடத் தொடங்கும்.

கடையில் கேட்டு மயங்கும் பிரீசெட்டுகள் (பெட்டியில் தயாராக வரும் செட்டிங்குகள்) ஹெட்போனில் பிரமிக்க வைப்பதற்காகச் செய்தவை. எஃபெக்டைப் பாதியாகக் குறைத்து உங்கள் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். சேமிக்காமல் அடுத்த பிரீசெட்டுக்குப் போனால் பல பெட்டிகளில் மாற்றியதெல்லாம் போய்விடும். பாட்டுப் பட்டியலின் வரிசையிலேயே அடுக்கி வைத்தால் மேடையில் தேட வேண்டியிருக்காது.

பாட்டு முடிந்து “அடுத்த பாடல்” என்று பேசத் தொடங்கும்போது எஃபெக்டை நிறுத்தும் பைபாஸ் பெடலை மிதியுங்கள். நன்கொடை கொடுத்தவர் பெயரை டிலேயோடு வாசித்தால் எந்த ஊர்க்காரர் என்றே யாருக்கும் விளங்காது. பெடலைப் பார்க்காமல் காலால் மிதிக்க வீட்டிலேயே பழகுங்கள், வெறுங்காலிலும் பழகுங்கள். கோயில் மேடையில் செருப்பு இருக்காது.

கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடியில் பெட்டி அணைந்து, மறுபடி விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும். அதுவரை அதன் வழியாகப் போகும் குரல் வராது. அதனால் சாதாரண மைக் ஒன்றை நேராக மிக்ஸரில் கொடுத்து, ஸ்டாண்டில் பக்கத்திலேயே வைத்திருங்கள். சரணத்தின் நடுவில் கரண்ட் போனால், ஜெனரேட்டர் ஓடியதும் அதை எடுத்து விட்ட வரியிலிருந்து பாடலாம்.