வேர்ட்பிரஸை கிளவுடுக்கு மாற்றியதும் டேட்டாபேஸ் பிழையா?

வேர்ட்பிரஸ் தளத்தை அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸுக்கும், அதன் டேட்டாபேஸை அங்குள்ள ஆர்டிஎஸ் என்ற டேட்டாபேஸ் சேவைக்கும் மாற்றியதும் டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்ற ஒற்றை வரி மட்டும் வந்து நிற்கிறதா? உடனே பாஸ்வேர்டை மாற்ற ஓடாதீர்கள். அந்தப் பிழை எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

பக்கம் வெகுநேரம் சுற்றிவிட்டு வந்தால், கோளாறு பெரும்பாலும் ஃபயர்வாலில்தான். ஏடபிள்யூஎஸ்ஸில் ஃபயர்வாலாக இருக்கும் செக்யூரிட்டி குரூப், அனுமதி இல்லாத இணைப்பை மறுத்துப் பதில் அனுப்பாது, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆர்டிஎஸ்ஸின் செக்யூரிட்டி குரூப்பில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் பயன்படுத்தும் 3306 போர்ட்டுக்கு இன்பவுண்ட் விதி (உள்ளே வரும் இணைப்புக்கான அனுமதி) சேர்த்து, சோர்ஸ் இடத்தில் வெப் சர்வரின் செக்யூரிட்டி குரூப்பையே கொடுங்கள். 0.0.0.0/0 என்று போட்டாலும் வேலை செய்யும்தான். ஆனால் அது ஊருக்கே கதவைத் திறந்து வைப்பது.

பிழை சட்டென்று வந்தால் வேர்ட்பிரஸின் கான்ஃபிக் ஃபைலைத் (wp-config.php) திறங்கள். டேட்டாபேஸ் ஹோஸ்ட் பெரும்பாலும் இன்னும் லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே சர்வர், என்றே இருக்கும். அங்கே ஆர்டிஎஸ் எண்ட்பாயிண்ட்டை (டேட்டாபேஸுக்கு ஆர்டிஎஸ் தரும் முகவரிப் பெயர்) ஒட்டுங்கள். முன்னால் ஹெச்டிடிபி எதுவும் வேண்டாம். ஐபி முகவரியும் வேண்டாம், ஃபெயிலோவர் (டேட்டாபேஸ் மாற்று சர்வருக்குத் தாவுவது) நடந்தால் மாறிவிடும்.

அப்படியும் சரியாகவில்லையா? வெப் சர்வரிலிருந்தே மைஎஸ்கியூஎல் கிளையண்ட்டில் அதே விவரங்களைக் கொடுத்து நுழைந்து பாருங்கள். 2003 என்ற பிழை எண் வந்தால் மறுபடி நெட்வொர்க் பக்கம் போங்கள். 1045 வந்தால்தான் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் சந்தேகிக்க வேண்டும்.