டிஜிட்டல் ஸ்டாம்ப் பூக்களுக்கு வண்ணம் தீட்டும் முன்

பூக்களின் டிஜிட்டல் ஸ்டாம்ப் படங்களை (கணினியிலிருந்து அச்சிட்டு வண்ணம் தீட்டுவதற்கான கோட்டுப் படங்களை) அச்சிட்டு வாழ்த்து அட்டை செய்பவர்கள், வண்ணம் தீட்டுவதற்கு முன்பே அச்சு மையின் தன்மையைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இங்க்ஜெட் அச்சுப்பொறிகள் பலவற்றில் உள்ள சாய மை, நீர் பட்டதும் கசிந்து இதழ்களின் ஓரங்களைக் கலங்கச் செய்துவிடும் என்பதால், அத்தகைய அச்சுக்கு வண்ணப் பென்சில்களே பொருத்தமானவை. நீர்வண்ணம்தான் வேண்டுமெனில் லேசர் அச்சே நல்லது. ஆல்கஹால் மார்க்கர்களோ சில நேரங்களில் லேசர் அச்சின் மைத்தூளான டோனரையும் கரைத்து இழுத்துவிடும். எனவே, அதே தாளின் துண்டு ஒன்றில் முதலில் சோதித்துப் பார்ப்பது அவசியம். படத்தை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவுக்குக் குறையாத அளவிலேயே பெரிதாக்கவும். கறுப்புக் கோடுகளைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றி அச்சிட்டால், மெல்லிய இதழ்கள் (என் கண்ணுக்கு) இன்னும் இயல்பாகத் தோன்றும்.