பட்ஜெட்டுக்குள் அடங்கிய கேமிங் கணினி: என் அனுபவம்

முதலில் போட்ட பட்டியல் பட்ஜெட்டைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. அதைக் குறைக்க நான் பிடித்த வழி, மானிட்டரிலிருந்து பின்னோக்கி வருவது. என்னிடம் இருப்பது 1080பி (1920×1080 புள்ளிகள்) திரைதான். அதற்கு மீறின கிராபிக்ஸ் கார்டு வாங்கி யாருக்குக் காட்ட? ரேடியான் ஆர்எக்ஸ் 6600 போதும் என்று முடிவு செய்தேன். அதைவிட மலிவான 6500 எக்ஸ்டி ஆசை காட்டியது. ஆனால் அதில் பிசிஐஇ பாதைகள் (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போய்வரும் வழிகள்) 4 மட்டுமே, கார்டின் சொந்த மெமரியும் பெரும்பாலும் 4 ஜிபி. நான் எடுக்கவிருந்த பி450 மதர்போர்டோ பிசிஐஇ 3.0, அதாவது வேகம் குறைந்த பழைய தலைமுறை. கார்டின் மெமரி நிரம்பும் கேம்களில் மீதித் தரவு அந்தக் குறுகிய பாதை வழியே வர வேண்டும், அது திணறிவிடும். 6600-இல் 8 பாதைகள், 8 ஜிபி.

பிராசசர் ரைசன் 5 5600. இதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. பழைய பி450 போர்டு என்றால் இந்தப் பிராசசரை அடையாளம் காண பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வேறு வேண்டும், வாங்கும்முன் கேட்டுவிடுங்கள்.

கேபினட், ஆர்ஜிபி விளக்கு எல்லாவற்றிலும் தாராளமாக வெட்டினேன். பவர் சப்ளையில் மட்டும் கை வைக்கவில்லை.

அப்புறம் ரேம். ஒரே 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி, டூயல் சேனலுக்காக (இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்து வேகம் கூடும்). பூட்டி முடித்ததும் வேகம் 2133 என்றே காட்டியது. பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) ஆன் செய்ததும் 3200-க்கு வந்துவிட்டது.