கபிஹோலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஃபில்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருஷம் காரை சர்வீசுக்கு விட்டு எடுத்தேன். பில்லில் ‘பாலன் ஃபில்டர்’ என்று ஒரு வரி, அதற்கு நேரே ஒரு தொகை. வீட்டுக்கு வந்து முன்சீட்டுப் பயணிக்கு எதிரே இருக்கும் சாமான் பெட்டியை, அதாவது கபிஹோலை, கழற்றி ஃபில்டரை உருவினால், அதன் ஓரத்தில் முந்தின வருஷம் நானே மார்க்கர் பேனாவால் எழுதிய தேதி சிரிக்கிறது. பழையதையே தட்டி, ஊதி, மறுபடி செருகியிருக்கிறார்கள். போய்க் கேட்டேன், பணம் திரும்பி வந்தது. எந்த இடம் என்பது இங்கே முக்கியமில்லை. இந்த வித்தை எங்கேயும் நடக்கும், ஏனென்றால் கபிஹோலைத் திறந்து பார்க்கிற ஆள் நம்மில் குறைவு.

(பாலன் என்றதும் முருகனை நினைக்க வேண்டாம். மகரந்தத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். காருக்குள் வரும் காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டரைத்தான் டர்பன் ஸ்பேர்ஸ் கடைகளில் இப்படிக் கேட்கிறோம். எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டுவது வேறு ஃபில்டர். அது பானெட்டுக்குக் கீழே இருக்கும். கடையில் வெறுமனே ‘ஏர் ஃபில்டர்’ என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.)

ஆகவே முதல் தவறு, பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்காமல் வருவது. இங்கே தென்னாப்பிரிக்காவில் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 67-ஆம் பிரிவு, கழற்றிய பாகங்களை வண்டிக்காரரிடம் திருப்பித் தரவேண்டும் என்கிறது. வேண்டாம் என்று நாமே சொன்னால்தான் விதிவிலக்கு. வண்டியை விடும்போதே “பழையதைப் பையில போட்டு வச்சிடுங்க” என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, மீட்டரை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவது. பல வண்டிகளின் கையேடு 15,000 கிலோமீட்டர் அல்லது வருஷத்துக்கு ஒருமுறை என்று சொல்லும். சிலதில் 30,000 வரை இருக்கும். அந்தக் கணக்கைப் போட்டவர் டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டப் பக்கத்து வெருலத்தில் குடியிருக்கவில்லை. இங்கே ஏப்ரல் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை கரும்பு வெட்டு. வெட்டுவதற்கு முன் தோகையை எரிக்கிறார்கள். டொங்காட், ஸ்டேங்கர் பக்கமெல்லாம் கருப்புச் சாம்பல் இழை இழையாக இறங்கும். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் வெட்டப் போன அதே கரும்புதான். அதன் கரி இன்னும் நம் துணிக்கொடியில் விழுகிறது, காருக்குள்ளும் போகிறது. மெரெபாங்க் பக்கமோ துறைமுகத்துக்குப் போகிற பேஹெட் ரோட்டிலோ தினமும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்கிறவர்களுக்கு டீசல் புகை. ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஆகஸ்ட் காற்றில் சுரங்க மேட்டுத் தூசி. வருஷத்தில் 6,000 கிலோமீட்டர்கூட ஓடாமல் மாமரத்தடியிலேயே நிற்கிற வண்டியின் ஃபில்டரில் சருகும் பூவும் ஈரமும் சேர்ந்து பூசணம் பிடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருவிப் பாருங்கள். மடிப்புகளின் அடிவரை கறுத்திருந்தால், ஈரவாடை அடித்தால், கையேடு என்ன சொன்னாலும் மாற்ற வேண்டியதுதான்.

மூன்றாவதில்தான் காசு அதிகம் போகிறது. ஏசி சரியில்லை என்றதும் “கேஸ் போடணும்” என்று கிளம்புவது. ஒரு சின்னச் சோதனை செய்துவிட்டுக் கிளம்பலாம். விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். சத்தம் பெரிதாக வந்து, காற்று மட்டும் பூனை மூச்சு மாதிரி வந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. காற்று பலமாக வந்து குளிர்ச்சி மட்டும் இல்லையென்றால், அப்போது கேஸையோ கம்ப்ரஸரையோ சந்தேகப்படலாம். மழைநாளில் கண்ணாடியில் படிகிற மூட்டம் சீக்கிரம் கலையாமல் இருப்பதும் ஃபில்டர் அடைப்பின் அறிகுறிதான்.

நாற்றத்துக்கு ஃபில்டரையே குற்றம் சொல்வதும் தவறு. புது ஃபில்டர் போட்ட மறுநாளும் ஏசியைத் தட்டியதும் ஈரத்துணி வாடை வந்தால், பூசணம் உள்ளே குளிர்விக்கும் சுருளில் இருக்கிறது. டர்பன் ஈரக்காற்றில் அந்தச் சுருள் காய நேரமே கிடைப்பதில்லை. வீடு வர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்து, விசிறியை ஓடவிடுங்கள், சுருள் உலரும். முன்சீட்டுப் பயணியின் காலடிக் கம்பளம் நனைந்திருந்தால், ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். வாசனை டப்பாவை மாட்டி இதையெல்லாம் மறைக்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. மல்லிகையும் பூசணமும் கலந்தால் என்ன வாடை வரும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கழுவிப் போடுவது இன்னொன்று. நம் பாட்டிமார் எதையும் தூக்கி எறியாதவர்கள், அந்தப் புத்தி நமக்கும் உண்டு. ஆனால் இந்த ஃபில்டரின் இழைகளில் நுண்தூசியை இழுத்துப் பிடிக்க ஒரு மின்னூட்டம் இருக்கிறது; தண்ணீர் பட்டால் அது போய்விடும். கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் இழை கிழிந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். கறுப்பாக இருக்கும் கார்பன் ஃபில்டர் கொஞ்சம் விலை கூட. புகை வாடையையும் சில வாயுக்களையும் பிடிக்கும், கரி நிரம்பியபின் பிடிக்காது. கார்பன் மோனாக்சைடை எந்தக் கேபின் ஃபில்டரும் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். எக்ஸாஸ்ட் ஒழுகினால் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

மாட்டும்போது செய்கிற தவறுகள் தனி ரகம். விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபில்டரை உருவினால், அதன் மேலிருக்கும் சருகு விசிறிக்குள் விழுந்து ‘டர்ர்ர்’ என்று கத்த ஆரம்பிக்கும். முதலில் சாவியை அணையுங்கள். பல வண்டிகளில் கபிஹோலின் இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் முழுதாகக் கீழே இறங்கும். ஆனால் பக்கத்தில் ஒரு சின்னக் கை மாதிரித் தாங்கி இருந்தால் அதை முதலில் விடுவிக்க வேண்டும். அவசரத்தில் இழுத்து நான் ஒன்றை உடைத்திருக்கிறேன். எல்லா வண்டியிலும் இடம் இதுவே என்று நினைக்காதீர்கள். சிலதில் காலடியில் கீழிருந்து, சிலதில் முன்கண்ணாடியின் அடியில், பானெட்டைத் திறந்தால். விலை குறைந்த சில மாடல்களில் பள்ளம் மட்டும் இருக்கும், ஃபில்டரே இருக்காது.

பழையதை உருவுமுன் ஃபோனில் ஒரு படம் எடுங்கள். ஃபில்டரில் இருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசை. ‘அப்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது மேல்பக்கம் எது என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றில்லை. கபிஹோலுக்குப் பின்னால் பெரும்பாலும் காற்று மேலிருந்து கீழே இறங்கும், ஆனாலும் படத்தை நம்புங்கள். அளவு சரியில்லாத ஃபில்டரை மடக்கி நுழைக்காதீர்கள். ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் தூசி அந்த வழியாகவே போய்விடும்.

உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை நிரந்தரமாக அழுத்தி வைத்தால் ஃபில்டர் அழுக்காகாது என்று ஒரு மாமா சொன்னார். நாலு பேர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்ச் சேர்வதற்குள் மூச்சுக்காற்று தேங்கி எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். கரும்பு எரிகிற இடத்தைத் தாண்டும்வரை அழுத்துங்கள், தாண்டியதும் விடுங்கள்.

நான் மாற்றுவது ஜனவரி கடைசியில், இல்லையென்றால் பிப்ரவரியில். வெட்டு முடிந்து சாம்பல் அடங்கியிருக்கும், தைப்பூசக் காவடிக்கு வண்டி தயாராக வேண்டும். அம்மா சாம்பிராணித் தட்டை வண்டிக்குள் ஒரு சுற்றுக் காட்டாமல் விடமாட்டார். அதனால் காவடி முடிந்து மறுநாள்தான் புதுசைப் போடுவேன், ஓரத்தில் தேதியும் எழுதி.