ஜி ஆல்டர்டு: கிதாரில் ஒரே பொசிஷனில் ஒரு ஆர்பெஜியோ

ஜி7 ஆல்டர்டு என்பது ஐந்தாம், ஒன்பதாம் ஸ்வரங்களை அரை ஸ்வரம் மாற்றிய ஜி7 கார்ட். அதன் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிக்க (அதுதான் ஆர்பெஜியோ) புது ஷேப் தேட வேண்டாம். அதன் ஏழாம் ஸ்வரமான எஃப்-இலிருந்து எஃப் மைனர் செவன் ஃபிளாட் ஃபைவ் வாசித்தால் போதும்: எஃப், ஏ ஃபிளாட், பி, ஈ ஃபிளாட். ஜி-க்கு இவை ஏழு, ஃபிளாட் ஒன்பது, மூன்று, ஷார்ப் ஐந்து.

ஆள்காட்டி விரல் 6-ஆம் ஃபிரெட்டில். வரிசை இது, கம்பிக்குப் பின் வரும் எண் ஃபிரெட்: 5-ஆம் கம்பி 8; 4-ஆம் கம்பி 6, 9; 3-ஆம் கம்பி 8; 2-ஆம் கம்பி 6, 9; முதல் கம்பி 7. எட்டாவதாக 2-ஆம் கம்பி 9-க்குத் திரும்பி, அடுத்த பாரின் முதல் பீட்டில் அதே கம்பியில் 8-க்கு இறங்குங்கள். அந்த ஜி-யில்தான் சி மைனர் வந்து உட்காரும். மெட்ரோனோம் 60, பீட்டுக்கு இரண்டு ஸ்வரம். மோதிர விரலைச் சுண்டுவிரலோடு சேர்த்துத் தூக்கினால் 3-ஆம் கம்பி தாமதமாகும்.

தனியாக வாசித்தால் வெறும் மைனர் மாதிரிதான் கேட்கும். 6-ஆம் கம்பி 3, 4-ஆம் கம்பி 3, 3-ஆம் கம்பி 4 என ஜி7-ஐப் பதிந்து, அதன்மேல் வாசியுங்கள்.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் சர்ச் குவயரில் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: சபை டி ஸ்வரமோ ஏ ஸ்வரமோ பாடும்போது இதைத் தொடாதீர்கள், அரை ஸ்வரத்தில் மோதும். வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி போதும். சி மேஜருக்கும் அதே ஜி பொருந்தும். மழைக்காலத்தில் கம்பியைத் துடைத்து வையுங்கள். துருவில் விரல் சிக்கும்.