ஸ்பிளாஷ் திரை வெடுக்கென்று திரும்புகிறதா?

போனைப் படுக்கைவாக்கில் பிடித்தபடி செயலியைத் திறந்தால், ஸ்பிளாஷ் எனும் தொடக்கத் திரையின் லோகோ முதலில் அகலத் திரையில் தோன்றி, அடுத்த கணம் வெடுக்கென்று நிமிர்கிறதா? திசையைப் பூட்டும் கட்டளையை, திரை உருவாகும்போது ஓடும் ஆன்கிரியேட் (onCreate) செயற்கூறுக்குள் எழுதியிருப்பீர்கள். ஆண்ட்ராய்டில் அந்த முதல் திரையை வரைவது உங்கள் நிரல் அல்ல. அது ஓடத் தொடங்கும் முன்பே இயங்குதளம் வரைந்து முடித்துவிடுகிறது. உங்கள் கட்டளை பந்தி முடிந்தபின் வரும் விருந்தாளிதான்.

செயலியின் அமைப்புகளை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில், முதலில் திறக்கும் ஆக்டிவிட்டியின் (செயலியின் ஒரு திரை) ஸ்கிரீன்ஓரியண்டேஷன் (screenOrientation) பண்புக்கு ‘போர்ட்ரெய்ட்’ (portrait, நெடுக்குவாக்கு) என்று கொடுங்கள். இயங்குதளம் படிப்பது அதைத்தான். செயலி முழுக்க ஒரே ஆக்டிவிட்டி என்றால், லோகோ மறைந்த பிறகு நிரலிலிருந்து பூட்டை விடுவித்துக்கொள்ளலாம்.

அழகுக்காக ஸ்பிளாஷுக்கு ஒளி ஊடுருவும் தீம் வைப்பவர்கள் கவனிக்க: ஆண்ட்ராய்டு 8.0 போன்களில் அந்தத் தீமும் திசைப் பூட்டும் சேர்ந்தால் செயலி திறக்கும்போதே முறிந்து விழும். இன்னும் அந்தப் பதிப்பை ஆதரிக்கிறீர்கள் என்றால், பின்னணிக்கு ஒளி ஊடுருவாத நிறம் கொடுப்பதே உத்தமம்.

ஐபோனிலும் கதை இதேதான், செயலியின் அமைப்புக் கோப்பான இன்ஃபோ.பிளிஸ்ட்டில் (Info.plist) அனுமதித்த திசைகளே தொடக்கத் திரைக்குப் பொருந்தும்.

டேப்லெட்டில் மட்டும் பூட்டை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காகக் கொண்ட செயலிகளில், குறைந்தபட்ச அகலம் 600 டிபி (dp, ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) அல்லது அதற்கு மேல் உள்ள திரைகள் இந்தப் பண்பைப் பொருட்படுத்துவதில்லை. விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே லோகோவை நடுவில் வைத்து, இரு திசையிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.