ரோஸ்மேரி எண்ணெய்: தலையில் வைக்கும் முன்

கடையில் சின்னக் குப்பியில் வரும் ரோஸ்மேரி எசென்ஷியல் ஆயிலை அப்படியே தலையில் ஊற்றிவிடாதீர்கள். இலையை நீராவியில் வடித்தெடுத்த செறிவான சாரம் அது. மூடியைத் திறந்ததுமே கற்பூரமும் யூகலிப்டஸும் கலந்தாற்போல் ஒரு நெடி மூக்கில் ஏறும். 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 10, 12 சொட்டு தாராளம். (ரோஸ்மேரி இலையை ஊறவைத்த எண்ணெய் வேறு சரக்கு, லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.) கலந்ததை முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுங்கள். அரித்தாலோ சிவந்தாலோ விட்டுவிடலாம்.

சரி, முடி வளருமா? 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், பரம்பரை வழுக்கை உள்ளவர்களுக்கு முடி வளரத் தலையில் தடவும் மருந்தான 2% மினாக்சிடிலுக்கு இணையான பலன் தெரிந்தது. அதுவும் 6 மாதம் தொடர்ந்து தேய்த்த பிறகுதான்; 3-ஆம் மாதத்தில் சொல்லும்படி மாற்றமில்லை. ஒரே ஒரு சிறிய ஆய்வை வைத்துக்கொண்டு 'ஒரே வாரத்தில் அடர்த்தி' என்று ரீல்ஸ் போடுவதெல்லாம் வியாபாரம்.

வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம். இதிலுள்ள கற்பூரச் சத்து ஒத்துக்கொள்ளாது. யாராக இருந்தாலும் குடிக்கவே கூடாது. அப்புறம், தேய்த்த கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள், எரிச்சல் தாங்காது.